தில்லியில் மரக்கரி: பார்த்து வாங்குவது முதல் சாம்பலை அகற்றுவது வரை ஒரு முழு வழிகாட்டி

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குள் மரக்கரி ஏதேனும் ஒரு வழியில் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணி போடத் தூபக்காலில் தணல் வேண்டியிருக்கிறது. தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி போடுபவரின் பெட்டிக்குள் அது கனல்கிறது. சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. கருவிக்குள் வேறொரு வடிவில் அடைபட்டிருக்கிறது. டிசம்பர் பிறந்ததும் குடியிருப்பின் காவலாளி அதை அங்கீட்டி என்னும் கரியடுப்பில் மூட்டிக் குளிர் காய்கிறார். பொருள் ஒன்றுதான் என்றாலும், ஒரு வேலைக்கு வாங்கியதை மற்றொரு வேலைக்கு எடுத்தால் பெரும்பாலும் பயன் கிடைப்பதில்லை. சில சமயங்களில் உயிருக்கே ஆபத்து நேர்கிறது. கரியின் எந்தக் குணம் நமக்குத் தேவை என்று முதலில் முடிவு செய்துவிட்டால், எந்தக் கரியை வாங்குவது, எங்கே வைப்பது, எப்போது ஒதுக்குவது என்பவை தாமாகவே தெளிவாகும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதல் படி: மரக்கரியையும் நிலக்கரியையும் பிரித்தறிதல்

மரத்தையோ தேங்காய் ஓட்டையோ காற்று மிகக் குறைவாகப் புகும்படி மூடிச் சூடேற்றினால் முதலில் ஈரம் வெளியேறும். வெப்பம் ஏறத்தாழ 270 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் மரத்தின் பொருள்கள் சிதைந்து, புகையாகவும் தாராகவும் வாயுவாகவும் பிரிந்து போகும். 400 முதல் 500 டிகிரி வரை சென்றபின் எஞ்சி நிற்பது பெரும்பாலும் கார்பன்தான். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, இலைதழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பிட்டு நாள்கணக்கில் காவல் காக்கும் கரிமூட்டம் இதே முறையில்தான் நடக்கிறது. மண் மூட்டத்தில் 100 கிலோ விறகு போட்டால் 10 முதல் 20 கிலோ கரி கிடைக்கும். நல்ல செங்கல் சூளையிலும் இரும்புச் சூளையிலும் 25 முதல் 30 கிலோ வரை எடுக்கலாம். இழந்த எடைக்கு ஈடாக, ஒரு கிலோ காய்ந்த விறகு தரும் வெப்பத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கை ஒரு கிலோ கரி தருகிறது. புகையாகக்கூடியவை முன்பே போய்விட்டதால், நன்றாகப் பிடித்த கரி புகைவதும் இல்லை.

நிலக்கரி இதனின்று முற்றிலும் வேறு. பல கோடி ஆண்டுகளாகப் புதைந்துகிடந்த தாவரங்களிலிருந்து உருவான அந்தக் கனிமத்தில் கந்தகமும் சாம்பலும் உண்டு. அதன் புகை உணவுக்கோ பூசைக்கோ ஏற்றதன்று. தில்லிக் கடையில் வெறுமனே ‘கோயலா’ என்று கேட்டால் இரண்டில் எதுவும் வரலாம் என்பதால், ‘லக்டி கா கோயலா’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். ‘பத்தர் கா கோயலா’ என்றால் நிலக்கரி. சட்டமும் இவற்றைப் பிரித்தே பார்க்கிறது. தில்லியும் சுற்றுப்புறமும் அடங்கிய தேசியத் தலைநகர் மண்டலத்தில், அனல்மின் நிலையங்களைத் தவிர மற்ற தொழில், வணிக, வீட்டுப் பயன்பாடுகளுக்கு நிலக்கரியைக் காற்றுத்தர மேலாண்மை ஆணையம் 2023 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மரக்கரிக்கோ, புகைக் கட்டுப்பாட்டு ஏற்பாடு உள்ள உணவகத் தந்தூர்களிலும் துணி இஸ்திரி போடுவதிலும் ஆணையம் அப்போது இடம் விட்டது. காற்று மாசு மிகும் மாதங்களில் கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகும். ஆகவே, விழாவுக்கோ விருந்துக்கோ திறந்தவெளியில் கரி அடுப்பு வைக்க நினைப்பவர்கள், அந்த வாரத்தில் நடப்பில் இருக்கும் ஆணையைப் பார்த்துவிட்டே ஏற்பாடு செய்ய வேண்டும்.

வீட்டு மாடியில் தகர டப்பாவுக்குள் கொட்டாங்குச்சியைப் போட்டுக் கரி சுடுவதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஊரில் தோப்பு இருப்பவர்கள் அங்கே செய்துகொள்ளட்டும். தில்லி அடுக்ககத்துக்கு அது ஒவ்வாது. கரியாகும் நேரத்தில் வெளிவரும் புகை அடர்த்தியானது, மூச்சை அடைப்பது. திறந்தவெளியில் இலையும் குப்பையும் எரிப்பவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே உத்தரவிட்ட நகரம் இது. பக்கத்து வீட்டார் புகார் செய்தால் நம் தரப்பில் சொல்வதற்கு எதுவும் இருக்காது.

இரண்டாம் படி: எந்தக் குணம் தேவை என்று முடிவு செய்தல்

கரியின் பயன்கள் எல்லாவற்றையும் நான்கு குணங்களுக்குள் அடக்கிவிடலாம். முதலாவது, புகையின்றி நின்று எரிவது; அடுப்பு, தந்தூர், இஸ்திரிப் பெட்டி, தூபக்கால் ஆகியவை இதை நம்பியிருக்கின்றன. இரண்டாவது, அதன் துளைகள். மரத்தின் நுண்குழல்கள் கரியிலும் அப்படியே நிற்கின்றன. நீராவியாலோ வேதிப்பொருளாலோ மேலும் பதப்படுத்தினால் துளைகள் பெருகி, அது செறிவூட்டப்பட்ட கரியாகிறது. அத்தகைய கரியில் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் இருக்கும். அதாவது, ஒரு சிட்டிகைத் தூளுக்குள் நாலு கிரவுண்டு மனையை மடித்து வைத்திருப்பதற்குச் சமம். வாசனை, நிறம், சில நஞ்சுகள் ஆகியவற்றின் மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. மூன்றாவது, கருமை. ஓவியர் வரையும் கரிக்கோல், ஏட்டில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தெரிவதற்காகத் தடவிய கரி, பழைய பள்ளிகளில் ஊமத்தை இலையோடு அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய அடுப்புக்கரி ஆகிய மூன்றும் இந்த வகை.

நான்காவது குணம் வீட்டில் நேரடியாகப் பயன்படுவதில்லை: கரி பிற பொருள்களிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும். தில்லியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் கடக்க முடியாது. குதுப் மினார் வளாகத்தில் நிற்கும், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பழமையான, 6 டன்னுக்கும் மேற்பட்ட இரும்புத் தூண், தாதுவை மரக்கரியோடு உலையிலிட்டு எடுத்த இரும்பால் ஆனது. மரக்கரியில் கந்தகம் குறைவு. அக்கால உலையில் சுண்ணாம்பு சேர்க்காததால் தாதுவின் பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது. அந்தப் பாஸ்பரஸின் துணையோடு தூணின்மேல் காப்புப் படலம் உருவானதால்தான் அது துருவேறி உதிராமல் நிற்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆய்வு செய்து விளக்கினார்.

கரி எளிதில் மக்காது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமப் பொருளைச் சோதித்தே அந்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டது. செடித்தொட்டியில் கரி போடுவதன் பயனும், அதில் எச்சரிக்கை தேவைப்படுவதன் காரணமும் இந்த நிலைத்தன்மையில்தான் இருக்கின்றன.

மூன்றாம் படி: பார்த்து வாங்குதல்

எரிப்பதற்கான கரியைத் தில்லியில் ‘டால்’ என்று அழைக்கப்படும் விறகுக் கடைகளில் சில்லறையாக வாங்கலாம். மூட்டையின் மேலுள்ள பெரிய துண்டுகளைக் கண்டு முடிவு செய்யாமல், அடியிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டச் சொல்ல வேண்டும். அடியில் தூளும் மண்ணும் மிகுந்தால் எடைக்குக் கொடுக்கும் காசு வீண். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் ஈரம் ஏறியிருக்கிறது, அல்லது சரியாக வேகவில்லை. உடைத்த முகம் கருத்துப் பளபளப்பாக இருக்க வேண்டும். பழுப்பு நிறம் தெரிந்தால் அது பாதி விறகு, எரியும்போது புகையும். தொட்டால் சிறிது கறுப்பு ஒட்டுவது இயல்பு. பிசுபிசுப்பாகவோ தார் வாடையோடோ இருந்தால் வேண்டாம்.

கொட்டாங்குச்சிக் கரி கனமானது, சாம்பல் குறைவு, தணல் சீராக நிற்கும். சாம்பிராணிக்கும் சிறு அடுப்புக்கும் அதைவிடச் சிறந்ததை நான் கண்டதில்லை. சீமைக்கருவேலக் கரி சூடு மிகுந்தது. அதிக நேரம் சமைப்பதற்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பொருந்தும். மாங்கரி போன்ற மென்மரக் கரி சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் தீர்ந்துவிடும். கரித்தூளை மாவுப்பசையால் பிடித்த கட்டிகளும் உண்டு. அவற்றில் வேறென்ன கலந்திருக்கிறது என்பது பையின்மேல் எழுதப்படாவிட்டால் சமையலுக்கு எடுக்கக் கூடாது. தீக்குச்சி வைத்தவுடன் சீறிக்கொண்டு பற்றும் வட்டு வடிவக் கரியில் வெடியுப்பு சேர்ந்திருக்கும். சாம்பிராணிக்கு அது சரி, உணவுக்கு அன்று.

துளைகளுக்காக வாங்கும் கரியைக் கரிக்கடையில் வாங்கக் கூடாது. தண்ணீருக்கு, குடிநீர்த் தரத்துக்கென்று விற்கப்படும் செறிவூட்டப்பட்ட கரிதான் வேண்டும். அது பெரும்பாலும் தேங்காய் ஓட்டுக் கரியிலிருந்தே தயாராகிறது.

நான்காம் படி: பற்றவைத்தல்

இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்பது இந்தப் படியின் முதல் விதி. அதன் காரணம் ஆறாம் படியில் விரிவாக வருகிறது. பால்கனியில் செய்வதானால் கண்ணாடிக் கதவு சாத்திய பால்கனி திறந்தவெளி ஆகாது. அடுப்பின் கீழே செங்கல்லோ தடித்த கல்லோ இருக்கட்டும். எரியும் கரியின் சூடு தரையோட்டைப் பிளந்துவிடும்.

அடியில் இரண்டு சூடக் கட்டிகளையோ எண்ணெய் தோய்த்துச் சுருட்டிய காகிதத்தையோ வைத்து, அதைச் சுற்றிச் சிறு துண்டுகளையும் மேலே பெரிய துண்டுகளையும் கூம்பாக அடுக்க வேண்டும். காற்று கீழிருந்து மேலே செல்வதற்கு வழி இருந்தால் நெருப்பு தானாக ஏறும். ஆகவே இறுக்கி அடுக்கக் கூடாது. இருபுறமும் திறந்த தகரக் குழாயின் அடியில் கம்பி வலையைப் பொருத்தி, அதற்குள் கரியை நிரப்பிப் பற்றவைத்தால் விசிறும் வேலையே பெரும்பாலும் மிச்சம். மண்ணெண்ணெய், பெட்ரோல், கைகழுவும் சானிடைசர் ஆகியவற்றை ஊற்றுவது கூடாது. குறிப்பாக, அணைந்ததுபோல் தோன்றும் கரியின்மேல் ஊற்றினால் ஆவி தீப்பிடித்துக் கையிலிருக்கும் புட்டி வரை வந்துவிடும்.

தொடக்கத்தில் சற்றுப் புகை வரும்; சில துண்டுகள் ஈரத்தால் வெடிக்கும். 15 முதல் 20 நிமிடங்களில் விளிம்புகள் வெளுத்து, எல்லாத் துண்டுகள்மீதும் மெல்லிய நீறு பூத்து, நடுவே செந்தணல் தெரியும்போதுதான் அது சமையலுக்கு உரியது. தணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளங்கையை நீட்டிப் பார்த்துச் சூட்டை மதிப்பிடலாம்: இரண்டு வினாடிக்குள் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் கடுஞ்சூடு, நான்கைந்து வினாடி தாங்கினால் மிதமான சூடு.

ஐந்தாம் படி: சமையல், சாம்பிராணி, இஸ்திரி

கரித் தணலில் சமைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, சமைப்பது தணலின் வெப்பக் கதிர் என்பதைத்தான். கொழுப்பு சொட்டிச் சுடர் எழுந்தால் உணவின்மேல் கரிப்புகை படியும். அப்புகையில் புற்றுநோய்க்கு வழிகோலும் சேர்மங்கள் உண்டு. சுடர் எழும் இடத்திலிருந்து கம்பியை நகர்த்திவிடுவதும், தணலை ஒருபக்கமாக ஒதுக்கி மறுபக்கத்தில் உணவை வைப்பதும் போதுமானவை. தில்லிச் சந்தையில் பர்த்தாவுக்கென்று விற்கும் பெரிய கத்தரிக்காயை இப்படித் தணலில் திருப்பித் திருப்பிச் சுட்டுக் கொத்சு செய்து பாருங்கள். காஸ் அடுப்பில் சுட்டதில் அந்தச் சுவை வராது.

அடுப்பே மூட்டாமல் கரி மணம் மட்டும் வேண்டுமானால் துங்கார் என்னும் வடநாட்டு முறை உதவும். சமைத்து முடித்த பருப்பின்மேல் சிறு கிண்ணத்தை மிதக்க விட்டு, அதில் ஒரே ஒரு செந்தணல் துண்டை வைத்து, அரைத் தேக்கரண்டி நெய்யை விட்டு உடனே மூடி, இரண்டு மூன்று நிமிடங்களில் தணலை எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் மணம் கசப்பாக மாறும். இதற்கு வேதிப்பொருள் கலவாத மரக்கரி அல்லது கொட்டாங்குச்சிக் கரி மட்டுமே ஏற்றது.

சாம்பிராணிக்குக் கொட்டாங்குச்சியை இடுக்கியால் பிடித்து காஸ் சுடரில் நேரே காட்டுவது நம் வீடுகளில் நடைமுறை. அப்போது எழும் மஞ்சள் சுடரும் புகையும் அடங்கி ஓடு முழுவதும் சிவந்த பிறகே தூபக்காலில் இட வேண்டும். சாம்பிராணி ஒரு மரப்பிசின். நேரடிக் கடுஞ்சூட்டில் மணப்பதற்கு முன் கருகிவிடும் என்பதால், தணலின்மேல் சற்றுச் சாம்பல் படிய விட்டுப் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவுவது நல்லது. கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருக்கும் அறைக்கு இந்தப் புகை வேண்டாம். புகை காட்டிய பின் தூபக்காலைப் பால்கனியில் வைத்துவிட வேண்டும், படுக்கையறையில் விட்டுவிடக் கூடாது.

கார்த்திகைக்கு மாவளி சுற்றும் வழக்கமுள்ள குடும்பங்களும் இங்கே உண்டு. ஆண் பனையின் பாளையைச் சுட்டு இடித்த கரித்தூளைத் துணியில் இறுக்கிச் சுருட்டி, பனைமட்டைகளுக்கிடையே கட்டிக் கயிற்றால் சுழற்றினால் பொன்பொறி பறக்கும். அந்தக் கரி தில்லியில் கிடைப்பதில்லை, ஊரிலிருந்துதான் வர வேண்டும். வேறு கரித்தூளில் அந்தப் பொறி வராது.

இஸ்திரிப் பெட்டியை வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்று அரிது. இருந்தாலும் மின்சாரமில்லாத நாளில் அது கைகொடுக்கும். நன்கு பிடித்த, புகையடங்கிய தணலை முக்கால் பெட்டிக்கு நிரப்பி, மூடியைத் தாழிட்டு, துணியிலிருந்து விலகி நின்று ஒரு முறை ஊதிச் சாம்பலை நீக்க வேண்டும். ஈரத்துணியின்மேல் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, முதலில் பருத்தி, சூடு தணியத் தணியப் பட்டு என்ற வரிசையில் போடலாம். பெட்டியின் எடையே மடிப்பை அழுத்திவிடும். கையால் அழுத்தத் தேவையில்லை.

ஆறாம் படி: மூடிய அறையில் ஒருபோதும் இல்லை

தில்லியில் கரியைப் பற்றி எழுதுபவர்கள் அதிக இடம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். டிசம்பரிலும் ஜனவரியிலும் இரவு வெப்பம் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கும்போது, அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தி ஏறத்தாழ ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. தென்னாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு இந்த அபாயம் பழக்கமில்லாதது. நம் ஊரில் கதவு சன்னலை அடைத்துப் படுக்கும் குளிர் இல்லாததால், அதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவரும் இல்லை.

நடப்பது இதுதான். காற்று போதுமான அளவு கிடைத்தால் கார்பன் முழுமையாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். தணல் குவியலுக்குள் காற்று குறைவு; அங்கே உருவான கார்பன் டை ஆக்சைடு மறுபடி செந்தணலோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறி மேலே வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ உறுத்துவதும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்கிறது. பத்தடிக்குப் பத்தடி அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 30 கன மீட்டர். அரைக் கிலோ கரி எரிந்து, அதிலுள்ள கார்பனில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மோனாக்சைடாகி, அது வெளியேறவும் வழியில்லை என்று கொண்டால், அறைக் காற்றில் அதன் அளவு கால் சதவீதத்தைத் தாண்டிவிடும். அதற்கும் குறைவான 0.16 சதவீதமே இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைப் பறிக்க வல்லது.

இதைச் சுற்றிப் பரவியிருக்கும் நம்பிக்கைகளில் எதுவும் காப்பாற்றாது. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் நச்சு இழுக்கப்படும் என்பது பொய்; கார்பன் மோனாக்சைடு நீரில் மிகச் சிறிதளவே கரையும். புகையடங்கிய பிறகு உள்ளே கொண்டுவரலாம் என்பது இன்னும் ஆபத்தானது; புகை இருந்தால் இருமியாவது விழித்திருப்போம், செந்தணலோ சத்தமில்லாமல் வேலை செய்கிறது. சன்னலைக் கீற்றளவு திறப்பது போதாது. மின்விசிறி காற்றைக் கலக்குமே அன்றி நச்சை அகற்றாது. கோவிட் காலத்தில் வாங்கிய விரல்நுனி ஆக்சிமீட்டரையும் நம்பக் கூடாது. மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினை அது ஆக்சிஜன் பிடித்ததாகவே எண்ணி 98 சதவீதம் என்று காட்டிவிடும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல் ஆகியவை முதல் அறிகுறிகள். ஒரே அறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் ஐயமே வேண்டாம். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவர வேண்டும். அடுப்பை அணைத்துக்கொண்டு உள்ளே நிற்கக் கூடாது. 112 எண்ணை அழைத்து, கரி எரிந்த அறை என்று சொல்ல வேண்டும். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் குறையும். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே படுக்க வைப்பது தவறு. வீட்டுப் பணியாளர், ஓட்டுநர், காவலாளி ஆகியோரின் அறைக்கு ஒரு மின் வெப்பூட்டியும் தடித்த ரசாய் என்னும் பஞ்சுப் போர்வையும் வாங்கித் தருவது குடியிருப்புச் சங்கத்தின் கடமை என்பது என் உறுதியான கருத்து. அங்கீட்டிக்குத் தடை என்று அறிவிப்பை மட்டும் ஒட்டினால் குளிர் குறைந்துவிடாது.

ஏழாம் படி: தண்ணீருக்கு

செறிவூட்டப்பட்ட கரி குழாய்நீரின் குளோரின் வாடையையும், மக்கிய பொருள்களால் வரும் நிறத்தையும், பல பூச்சிக்கொல்லி எச்சங்களையும் பிடிக்கும். உப்பையும் கடினத்தன்மையையும் அது குறைக்காது, நைட்ரேட்டை நீக்காது, கிருமிகளைக் கொல்லாது. ஆர்.ஓ. கருவியில் அதைச் சவ்வுக்கு முன்னால் வைப்பதன் காரணமே, குளோரின் உள்ளே சென்று சவ்வை அரித்துவிடாமல் காப்பதுதான்.

எனவே முதலில் வீட்டு நீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவைப் பார்க்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. யமுனை, கங்கை நீர் வரும் பகுதியில் அளவு அதற்குக் கீழே இருந்து, குறை வாடை மட்டுமே என்றால், கரி வடிப்பானும் கிருமிநீக்கமும் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரானால் கரியால் மட்டும் ஆவதொன்றுமில்லை.

புதிய கரிக்குழலிலிருந்து முதலில் வரும் கறுப்பு நீரைத் தெளியும் வரை கொட்டிவிட வேண்டும். கரியின் துளைகள் நிரம்பியபின் அது எதையும் பிடிக்காது. மாறாக, குளோரின் நீங்கிய ஈரப் பரப்பில் நுண்ணுயிர்கள் குடியேறும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவின்படி மாற்றுவது இதனால்தான். ஊருக்குச் சென்று பல நாள் கழித்துத் திரும்பினால், தேங்கிய நீரை முதலில் வடிய விடுங்கள். பானையில் மணலும் கரியும் அடுக்கி வடிக்கும் பழைய முறையும், கலங்கலைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும் கொதிக்க வைப்பதற்கு மாற்றல்ல. வடித்த பின் கொதிக்க வைப்பதே வரிசை.

குளிர்பதனப் பெட்டியின் வாடைக்குச் செறிவூட்டப்பட்ட கரியைத் துணிப்பையில் கட்டி வைக்கலாம். மாதம் ஒரு முறை வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும். பிடித்த வாடை முழுவதும் போகாது.

எட்டாம் படி: தொட்டிச் செடிகளுக்கு

மண்ணில் கலந்த கரி நீரையும் ஊட்டத்தையும் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்றோட்டம் தரும். ஆனால் வெறும் கரியைப் போட்டால், தொட்டியில் இருக்கும் ஊட்டத்தைத் தானே முதலில் இழுத்துக்கொள்ளும். பட்டாணி அளவுக்கு உடைத்து, மட்கிய உரக் கரைசலிலோ நீர்த்த சாணக் கரைசலிலோ இரண்டு வாரம் ஊறவைத்து, மண்கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேர்க்க வேண்டும்.

தில்லிக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. இங்குள்ள மண்ணும் நிலத்தடி நீரும் ஏற்கெனவே காரத்தன்மை உடையவை. கரியும், அதோடு ஒட்டிய சாம்பலும் அதை மேலும் ஏற்றும். காரம் மிகுந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. ஒவ்வொரு தமிழ் வீட்டுப் பால்கனியிலும் நிற்கும் கறிவேப்பிலையில் இளந்தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், அதற்குக் கரி வேண்டாம்; மட்கிய உரம் போடுங்கள். ஆர்க்கிடு போன்றவற்றுக்கு மண்ணுக்குப் பதிலாகக் கரித்துண்டுகளை இடுவது பழகிய முறை. அங்கே கரியை முதலில் நீரில் அலசிச் சாம்பலைப் போக்கினால் போதும்.

ஒன்பதாம் படி: பல், முகம், வயிறு

உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறையின் பற்களைக் காட்டி இன்று கரிப் பற்பசை விற்கிறார்கள். உமியில் சிலிக்கா மிகுதி. உமிக்கரி பல்லைத் தேய்த்து வெளுக்கச் செய்கிறது, கூடவே எனாமலையும் தேய்க்கிறது. தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. கரிப் பற்பசைகளின் பாதுகாப்புக்கும் பயனுக்கும் போதிய சான்று இல்லை என்று 2017இல் அமெரிக்கப் பல்மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு முடிவு கூறியது. ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பற்பசையே போதும். முகப்பூச்சில் கரி சேர்ப்பதால் தோலின் நஞ்சு வெளியேறும் என்பது விளம்பரம்.

மருத்துவமனையில் கரிக்கு உண்மையான இடம் உண்டு. சில நஞ்சுகளை விழுங்கியவருக்கு, பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள், பெரியவருக்கு 50 கிராம் அளவில் செறிவூட்டப்பட்ட கரியைக் கரைத்துக் கொடுப்பார்கள். அமிலம், காரம், மண்ணெண்ணெய், சாராயம், இரும்பு மாத்திரை ஆகியவற்றுக்கு அது பயன்படாது. மயக்கத்தில் இருப்பவருக்குப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஆகவே இதை வீட்டில் செய்யக் கூடாது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையம் இரவு பகலாக ஆலோசனை தருகிறது. அதன் எண்ணை இன்றே தேடிக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். வாயுத்தொல்லைக்குக் கரி மாத்திரை எடுப்பவர்கள், அது சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கருத்தடை மாத்திரைகளையும் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும் என்பதை மருத்துவரிடம் பேசித் தெளிவு பெற வேண்டும்.

பத்தாம் படி: அணைத்தல், சேமித்தல், சாம்பலை அகற்றுதல்

வேலை முடிந்ததும் தணலை மூடியுள்ள இரும்புக் கலத்தில் போட்டுக் காற்றை அடைத்தால் அணைந்துவிடும். மிஞ்சிய கரியை அடுத்த முறை மூட்டலாம், அது புதுக்கரியைவிடச் சீக்கிரம் பிடிக்கும். தண்ணீர் ஊற்றுவதானால் எட்ட நின்று சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நீராவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். மேலே சாம்பல் பூத்துக் குளிர்ந்ததுபோல் தோன்றும் தணல் உள்ளே ஒரு நாள் வரைகூடச் சூட்டைக் காக்கும். அதனால் அதைப் பிளாஸ்டிக் வாளியிலோ மாநகராட்சிக் குப்பைப் பையிலோ அன்றே போடக் கூடாது.

வாங்கிய கரியை ஈரம் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், காஸ் உருளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மூட்டை நனைந்துவிட்டால் வெயிலில் பரப்பி உலர்த்தியபின் மூடுங்கள். புதிதாகச் சுட்ட கரித்தூளைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறிக் கனலக்கூடும். முழுதாய் ஆறிய மரக்கரிச் சாம்பலால் பாத்திரம் துலக்கலாம், அதை மட்கும் உரத்தொட்டியில் ஒரு பிடி தூவலாம். மிஞ்சியதைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி உலர்குப்பையில் சேர்த்துவிடலாம்.